ஊர்ப்பெயர்களைத் தோண்டிய நல்லூர்ச் சுவாமி

கந்தரோடையில் வேலிக்குள் நிற்கும் அந்தச் சின்னஞ்சிறு கல் தூபிகளைப் பார்க்க வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த இடம் கந்தரோடை. இன்னொரு பகுதியினருக்கு அது கதுருகொட விகாரை. தெற்கிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் ஒரு பெயரோடு வந்து அதே பெயரோடு திரும்பிப் போகிறார்கள். சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் போகிற எங்களுக்கு மற்றப் பெயர்தான் வாயில் வருகிறது. இரண்டு தரப்பும் ஒரே மர நிழலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசாமல் கலைந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். போருக்குப் பிந்தைய யாழ்ப்பாணத்தில் ஊர்ப்பெயர் என்பது வெறும் பெயரல்ல. காணி யாருடையது என்ற வழக்கில் முதலில் மேசைக்கு வருகிற ஆவணம் அதுதான்.

இந்த வழக்கில் இரண்டு தரப்பும் தத்தமக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார். குடாநாட்டில் சிங்களவர் முன்பு வாழ்ந்தார்கள் என்று நிறுவ விரும்புகிறவர்கள் அவருடைய ஊர்ப்பெயர் ஆராய்ச்சியை எடுத்துக் காட்டுவார்கள். தமிழே உலகின் மூத்த மொழி என்று சொல்ல விரும்புகிறவர்கள் அவருடைய அகராதியைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒருவர் எழுதியவற்றில் பாதியை இவர்களும் மீதிப் பாதியை அவர்களும் வாசித்தால் இப்படித்தான் முடியும். அவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். அவர் இறந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. நீண்ட தாடியும் அங்கியுமாக இருக்கும் அந்தப் படத்தைப் பாடப்புத்தகத்திலோ அஞ்சல் தலையிலோ பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர் எழுதியதை வாசித்தவர்கள் குறைவு.

அவர் 1875 ஆகஸ்ட் 30 இல் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தார். இட்ட பெயர் வைத்திலிங்கம். தகப்பனார் சுவாமிநாதபிள்ளை, தாயார் தங்கமுத்து. பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் பின்னர் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மறுமணம் செய்தார். இதனால் பிள்ளையின் சமயமும் பெயரும் மாறின. வைத்திலிங்கம் ஞானப்பிரகாசம் ஆனார்.

இந்தப் பெயரிலேயே ஒரு சுவையான விடயம் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஞானப்பிரகாசியார் என்பவர் இத்தாலியப் புனிதரான அலோசியஸ் கொன்சாகா. ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு ஞானப்பிரகாசர் என்றால் நினைவுக்கு வருகிறவர், போர்த்துக்கேயர் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து இந்தியாவுக்குப் போய்விட்ட ஞானப்பிரகாச முனிவர். போர்த்துக்கேய அதிகாரிக்கு உணவுக்காகப் பசு கொடுக்க வேண்டிய முறை தன் வீட்டுக்கு வந்தபோது, அதைச் செய்ய மனமின்றி இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனார் என்று இங்கே சொல்வார்கள். சிதம்பரத்தில் அவர் வெட்டுவித்த குளம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. ஒரே பெயரை ஒரு சமயத்திலிருந்து தப்பியோடியவரும் அதே சமயத்தின் குருவானவரும் தாங்கியிருக்கிறார்கள். ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தாங்கியவர் யார் என்று தீர்மானிக்க முடியாது என்பதற்கு சுவாமியின் சொந்தப் பெயரே உதாரணம்.

சிறிய தகப்பனார் தம்பிமுத்துப்பிள்ளை சாதாரண ஆள் அல்லர். அச்சுவேலியில் ஞானப்பிரகாச யந்திரசாலை என்ற அச்சுக்கூடத்தை நடத்தியவர், எழுத்தாளர். ஆகவே இந்தப் பிள்ளை ஈய எழுத்துகளுக்கும் மை வாசத்துக்கும் நடுவில் வளர்ந்தது. பின்னாளில் அவருடைய முக்கியமான வரலாற்று நூல் அச்சானதும் அதே அச்சுக்கூடத்தில்தான்.

படிப்பு முடிந்ததும் அவர் தேடியது அன்றைய யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எல்லாரும் தேடிய அரசாங்க உத்தியோகம். பரீட்சை எழுதிப் புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞரானார். அப்போது யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே வரவில்லை. காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வண்டி ஓடத் தொடங்கியது 1902 இல். கொழும்போடு பாதை முழுமையாக இணைந்தது 1905 இல். எனவே புகையிரத உத்தியோகம் என்றால் தெற்குக்குப் போவது என்றுதான் பொருள். மானிப்பாய்ப் பொடியன் ஒருவனுக்குச் சிங்களம் புத்தக மொழியாக அல்லாமல், பக்கத்து மேசைக்காரர் பேசும் மொழியாக முதலில் காதில் விழுந்தது அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். பின்னால் அவர் செய்த வேலைகளைப் பார்க்கும்போது இந்தச் சில வருடங்களை நான் சின்ன விடயமாக எடுக்க மாட்டேன்.

உத்தியோகத்தை விட்டுவிட்டு அவர் குருமடத்தில் சேர்ந்தார். 1901 இல் குருப்பட்டம் பெற்றார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தை நடத்திய காலம் அது. லத்தீனும் பிரெஞ்சும் அங்கே தவிர்க்க முடியாத மொழிகள். பிறகு போர்த்துக்கேயம் வந்தது, பாளி வந்தது, சமஸ்கிருதம் வந்தது. அவருக்கு 72 மொழிகள் தெரியும் என்று நினைவுமலர்களில் எழுதுவது நம்மவர் வழக்கம். இந்த எண்ணை நான் ஒருபோதும் சரியாக விளங்கிக்கொண்டதில்லை. சொற்களை ஒப்பிட அகராதியைப் புரட்டத் தெரிந்த மொழி வேறு, சரளமாக வாசித்த மொழி வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் 72 வரலாம். அவருக்கு இந்தப் பெருக்கல் தேவையில்லை. ஒரு ஊர்ப்பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் பாளியிலும் போர்த்துக்கேய எழுத்துக்கூட்டலிலும் வைத்துப் பார்க்கக்கூடிய ஒருவர் அன்றைய யாழ்ப்பாணத்தில் இருந்தார் என்பதே போதிய அதிசயம்.

குருவானவராக அவர் நிலைகொண்ட இடம் நல்லூர். அது சாதாரணப் பங்கு அல்ல. முத்திரைச் சந்தியில் நின்றால் சங்கிலியன் தோப்பு வளைவும் மந்திரிமனையும் யமுனா ஏரியும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. பழைய கந்தசுவாமி கோயில் இருந்ததாகச் சொல்லப்படும் நிலத்தில் புரட்டஸ்தாந்தரின் யாக்கோபு தேவாலயம் நிற்கிறது. 1619 இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1621 இல் தலைநகரை நல்லூரிலிருந்து கடற்கரைப் பட்டினத்துக்கு மாற்றினார்கள். கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்கள் கோட்டைக்குப் போயின என்பது இங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் கதை. 1658 இல் ஒல்லாந்தர் வந்து அந்தக் கோட்டையை இன்று நாம் பார்க்கும் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினார்கள். 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆக, நல்லூர் என்பது கட்டடங்கள் போன பிறகு பெயர்கள் மட்டும் மிஞ்சிய தலைநகரம். அரசன் பெயரில் ஒரு தோப்பு, மந்திரி பெயரில் ஒரு மனை, கங்கைச் சமவெளியின் நதிப் பெயரில் ஒரு குளம். இப்போது நிற்கும் வளைவும் மந்திரிமனையும் கட்டட அமைப்பில் பிற்காலத்தவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அங்கே உண்மையில் பழையது பெயர்தான்.

இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சுவாமி செய்த முதல் பெரிய வேலை, யாழ்ப்பாணத்து வரலாற்றின் மூல நூலைக் குறுக்கு விசாரணை செய்தது. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி மக்கறாவின் வேண்டுகோளில் 18 ஆம் நூற்றாண்டில் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை'யை அதுவரை ஊர் அப்படியே நம்பிவந்தது. கண் தெரியாத யாழ்ப்பாணன் ஒருவன் அரசனுக்கு யாழ் வாசித்து மணல்திடலைப் பரிசாகப் பெற்ற கதையை இன்றும் பாடசாலை மேடைகளில் நடிக்கிறோம். சுவாமி அந்த நூலை ஒதுக்கவும் இல்லை, வணங்கவும் இல்லை. பக்கத்தில் வேறு ஆவணங்களை வைத்தார். போர்த்துக்கேயப் பாதிரியார் பெர்னாவ் த கெய்றோஸ் 17 ஆம் நூற்றாண்டில் எழுதிய பெருநூல் 1916 இல்தான் கொழும்பில் அச்சாகியிருந்தது, அதுவும் போர்த்துக்கேய மொழியில். ஆங்கில மொழிபெயர்ப்பு வர 1930 ஆயிற்று. சிங்கள இராஜாவலியவும் கல்வெட்டுகளும் இருந்தன. இவற்றோடு ஒப்பிட்டால் வைபவமாலையின் ஆண்டுக் கணக்கு நிற்காது. அதில் ஒரே சங்கிலியாக வருகிறவர் உண்மையில் ஒருவர் அல்லர். 1544 இல் மன்னாரில் புதிதாகக் கத்தோலிக்கரானவர்கள் சுமார் 600 பேரைக் கொன்ற சங்கிலி வேறு, 1619 இல் தோற்றுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்ட சங்கிலி வேறு. இருவருக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

போர்த்துக்கேயர் கால யாழ்ப்பாண அரசர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதியது 1920 இல் வந்தது. தமிழில் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928 இல் வந்தது. தலைப்பில் வரலாறு என்று போடாமல் விமர்சனம் என்று போட்டது சும்மா அல்ல என்று நினைக்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் நடுநிலையான ஆள் அல்லர். கத்தோலிக்கக் குருவானவர், அதிலும் சமயம் பரப்புவதில் முழுமூச்சாக இறங்கியவர். நல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு தேவாலயங்கள் பல எழும்பக் காரணமாக இருந்தார். சைவர்களோடும் புரட்டஸ்தாந்தரோடும் துண்டுப்பிரசுரங்களில் மல்லுக்கட்டினார். சங்கிலியையும் மன்னார்க் கொலையையும் எழுதும்போது அவருடைய அனுதாபம் யாருடைய பக்கம் என்று வாசகர் தேட வேண்டியதில்லை. சைவ வாசகர்களுக்கு அது அன்றும் கசந்தது, இன்றும் கசக்கும். இருந்தாலும் ஒரு விடயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவர்களைக் கொன்ற அரச வம்சத்தின் நாணயங்களைத் தேடி அடையாளம் காட்டியவர்களில் முக்கியமானவரும் இதே குருவானவர்தான். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவமும் மறுபக்கம் படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்துகளும் கொண்ட அந்தச் செப்புக் காசுகள் யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என்று அவர் 1920 இல் எழுதினார். கட்டுரைத் தலைப்பிலேயே அவற்றை மறக்கப்பட்ட நாணயங்கள் என்றார். நான்கு வருடம் கழித்து இலங்கை நாணயங்கள் பற்றிய கொட்றிங்டனின் பெரிய நூல் வந்தபோது அதிலும் யாழ்ப்பாண அரசர்களுக்கு இடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் தனி இராச்சியம் இருந்தது என்பதற்கு இன்று நாம் முதலில் காட்டும் சான்றுகளில் ஒன்று அந்தக் காசு.

இனி ஊர்ப்பெயர்களுக்கு வருவோம். சிக்கல் அங்கேதான்.

1915 இல் கொழும்பில் 'சிலோன் அன்டிகுவரி' என்ற ஆய்விதழ் தொடங்கியது. ஆங்கிலச் சிவில் சேவை அதிகாரிகளுக்குத் தங்கள் நாட்டில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. பங்குக் குருவானவரும் ஓய்வுபெற்ற நீதவானும் தங்கள் கிராமத்தின் பெயர், இடிந்த கோட்டை, ஓடும் ஆறு பற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார்கள். வன்னியின் ஊர்ப்பெயர்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1896 இலேயே எழுதியிருந்தார். 1916 இல் ஹோர்ஸ்பரோ என்ற அதிகாரி யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள சிங்கள ஊர்ப்பெயர்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். வலிகாமம், கொடிகாமம் என்று 'காமம்' என முடிபவை சிங்களத்தின் 'கம'. கொக்குவில், இணுவில், உடுவில் என்று 'வில்' என முடிபவை சிங்களத்தின் 'வில'. கோப்பாய், மானிப்பாய் போன்றவையும் இந்தப் பேச்சுக்குள் இழுக்கப்பட்டன.

அடுத்த வருடம் அதே இதழில் சுவாமி எழுதினார். யாழ்ப்பாணத்தான் ஒருவர் பதில் எழுதுகிறார் என்றால் மறுப்புத்தான் வரும் என்று இன்றைய முகநூல் காலத்தில் வளர்ந்த நாம் எதிர்பார்ப்போம். வரவில்லை. சிங்களத் தொடர்புடைய பெயர்கள் குடாநாட்டில் நிறைய இருக்கின்றன என்பதை அவர் ஏற்றுக்கொண்டார், மேலும் ஆராய்ந்தார். அவர் பிறந்த மானிப்பாய் பேச்சுக்குள் இருந்தது. நல்லூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கோப்பாய் இருந்தது. வலிகாமம் என்ற பெரும் பற்று முழுவதும் இருந்தது.

ஆதாரம் இல்லாமலும் இல்லை. நம்பொத்த என்ற பழைய சிங்கள நூல் பௌத்தத் தலங்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறது. அதில் தமிழ்ப் பட்டினத்து இடங்களாகத் தெலிபொல, மல்லாகம, கதுருகொட, புவங்குதிவயின என்றெல்லாம் வருகின்றன. தெல்லிப்பழை, மல்லாகம், கந்தரோடை, புங்குடுதீவு என்று நமக்கு உடனே கேட்கிறது. 1917 ஐ ஒட்டிய அதே ஆண்டுகளில் போல் ஈ. பீரிஸ் கந்தரோடையில் தூபிகளைத் தோண்டிப் படங்களோடு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். 1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீவில் விகாரை ஒன்று கட்டப்பட்டதைப் பிராகிருதத்தில் சொன்னது. குடாநாட்டில் பௌத்தம் இருந்தது என்பதில் எந்த அறிஞருக்கும் சந்தேகம் இல்லை. சண்டை அந்தப் பௌத்தர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதில்தான்.

இங்கே சுவாமியின் முறையில் ஓர் ஓட்டை உண்டு. 'காமம்' சிங்களத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாளியிலும் பிராகிருதத்திலும் ஊர் 'காம' தான். பிராகிருதம் ஒரு காலத்தில் இலங்கை முழுவதும் வணிகரும் பிக்குகளும் பயன்படுத்திய மொழி. சிங்களம் அதிலிருந்து வளர்ந்தது, தமிழும் அதிலிருந்து கடன் வாங்கியது. 'வில்' பற்றிய வழக்கு இன்னும் குழப்பமானது. ஆழமில்லாத நீர்நிலையை வில்லு என்று சொல்வது இலங்கைத் தமிழில் இன்றும் உண்டு. வில்பத்துக் காட்டுக்குள் போனவர்களுக்கு வில்லு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தமிழர், சிங்களவர் என்று இன்று நாம் சொல்லும் இரண்டு முழு உருவங்கள் உருவாவதற்கு முன்பே இந்தப் பெயர்களில் பல பிறந்துவிட்டன என்பதுதான் பேராசிரியர் இந்திரபாலா 2005 இல் எழுதிய நூலுக்குப் பின் பலரும் ஏற்கும் பார்வை. 1980 இல் ஆனைக்கோட்டையில் ஈமப் புதைகுழியிலிருந்து கிடைத்த முத்திரையில் 'கோவேத' என்று பிராமியில் எழுதியிருந்தது. அதன் மேல் வரியில் இருந்தவை பெருங்கற்காலக் குறியீடுகள். கந்தரோடையில் 1970 இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் தோண்டியபோது தூபிகளுக்கும் முந்திய குடியிருப்பு வெளிப்பட்டது. இவை எதையும் பார்க்கச் சுவாமி இருக்கவில்லை. அவர் கையில் இருந்தவை ஏடுகளும் அகராதிகளும் காதும்தான்.

ஆனால் அவர் பெயர்களைப் பார்த்த விதத்தில் ஒரு தெளிவு இருந்தது. பெயர் என்பது முன்பு வந்துபோனவர் விட்டுச்சென்ற காலடி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எங்களவர் ஆயிரக்கணக்கில் குடியேறியிருக்கும் லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரோ என்ற பெயர் பழைய ஆங்கிலத்தில் கிறிஸ்தவத்துக்கு முந்திய கோயிலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அந்தக் குன்றின் மேல் இன்று நிற்பது தேவாலயம். வெம்ப்லி என்பது வெம்பா என்ற ஒருவனின் காட்டுவெளி. அவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது, ஈழத்தமிழர் அங்கே சேலைக்கடை நடத்துகிறார்கள். இங்கிலாந்தின் பெரிய ஆறுகளின் பெயர்கள் பல ஆங்கிலேயர் வருவதற்கு முந்தியவை. ஏவன் என்றால் அங்கே முன்பு வாழ்ந்த கெல்த்தியர் மொழியில் ஆறு என்றுதான் பொருள். வந்தவர்கள் அது ஆற்றின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். மான்செஸ்டர், லங்காஸ்டர் எல்லாம் உரோமப் படைமுகாம்களின் நினைவு. டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடிபவை கடல் கடந்து வந்த டேனியர் வைத்தவை. கோட்டையைக் குறிக்கும் 'காசல்' என்ற சொல்லையும் கோட்டை கட்டும் பழக்கத்தையும் பரப்பியவர்கள் பிரான்சிலிருந்து வந்த நோர்மன்கள். இவற்றையெல்லாம் மாவட்டம் மாவட்டமாகத் தொகுக்க 1923 இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றும் தொகுதிகள் வந்துகொண்டிருக்கின்றன. டார்பியில் பெயர் டேனிய மொழியில் இருக்கிறது என்பதற்காகக் கோபன்ஹேகனிலிருந்து யாரும் வந்து பெயர்ப்பலகை நடவில்லை. அப்படி நடுவதற்குப் பின்னால் ஒரு படைமுகாமும் ஒரு வர்த்தமானி அறிவித்தலும் இருந்திருந்தால், டார்பிக்காரர்களும் தங்கள் ஊர்ப்பெயருக்கு வேறு வேர் தேடத்தான் தொடங்கியிருப்பார்கள்.

சுவாமி எழுதிய 1917 இல் அந்தப் பயம் இருக்கவில்லை. ஆட்சி ஆங்கிலேயரிடம் இருந்தது. சிங்களவரும் தமிழரும் படித்த வட்டாரங்களில் ஒரே ஆய்விதழில் எழுதினார்கள், ஒரே சங்கக் கூட்டங்களில் இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து உருவான இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு முதல் தலைவரே பொன்னம்பலம் அருணாசலம். ஊர்ப்பெயர் ஆராய்ச்சி நாளை குடியேற்றத் திட்டத்துக்குப் பின்னிணைப்பாகும் என்று ஒரு குருவானவர் அன்று நினைத்திருக்க வழியில்லை. அவர் எழுதியதை இன்று தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தக் காலச்சூழலைச் சொல்வதில்லை. அவர் எழுதிய அடுத்த பாதியையும் சொல்வதில்லை.

அந்த அடுத்த பாதி இதுதான். 1936 இல் வேத்தியல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை இதழில் அவர் சிங்களத்தில் உள்ள திராவிடக் கூறு பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். சிங்களத்தின் சொற்கள் வடக்கிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் வாக்கியம் கட்டும் முறை தமிழுடையது என்பது அந்த வாதத்தின் சாரம். யாழ்ப்பாணத்து மண்ணில் சிங்களத்தைக் கண்டவர், சிங்களத்தின் எலும்புக்கூட்டில் தமிழைக் கண்டார். முதலாவதை மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு இரண்டாவது பிடிக்காது. இரண்டாவதைக் கொண்டாடுகிறவர்கள் முதலாவதைத் தெரியாததுபோல் இருப்பார்கள். அவருக்கு இரண்டும் ஒரே வேலை.

அதற்குப் பிறகு அவர் போன இடத்துக்கு என்னால் அவரோடு போக முடியவில்லை. தமிழ்ச் சொற்கள் எல்லாம் சுட்டொலிகள் போன்ற ஒரு சில மூல ஒலிகளிலிருந்து கிளைத்தவை என்றும், அந்த வேர்களை இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலும் காணலாம் என்றும் அவர் நம்பினார். மொழியியல் அந்தப் பாதையை ஏற்கவில்லை. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று எடுத்துக்கொண்டால் உலகத்தில் உறவில்லாத மொழியே இருக்காது. ஊர்ப்பெயர் ஒன்றைக் கேட்டதும் அதற்குள் இன்னொரு மொழியைக் கேட்கும் அதே கூர்மையான காது, அளவு மீறியபோது எல்லாச் சொல்லிலும் தமிழைக் கேட்கத் தொடங்கியது என்பது என் வாசிப்பு. ஆனாலும் அந்த நம்பிக்கைதான் அவரை 'சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி'க்குத் தள்ளியது. 1938 முதல் அது பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே திராவிட மொழிகள், பிறகு வடமொழி, பிறகு ஐரோப்பிய மொழிகள். முடிவுகளை ஒதுக்கினாலும் தொகுப்பு மிஞ்சும். அறுபது வயதைக் கடந்த ஒருவர், கணினி இல்லாத காலத்தில், நல்லூரில் இருந்துகொண்டு இதைச் செய்தார். இரண்டாம் உலகப் போர் இடையில் வந்தது. ஆறு பகுதிகளுக்கு மேல் போகவில்லை. 1947 ஜனவரி 22 இல் அவர் இறந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் ஒரு வருடமும் சில நாட்களும் இருந்தன.

அகராதிப் பணியைத் தோளில் ஏற்றிக்கொண்டவர் அவருடைய மாணவரான தாவீது அடிகள். அவரும் பன்மொழி அறிஞர், அவரும் குருவானவர். 1981 ஜூன் 1 ஆம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த இரவில், அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியில் அவர் உயிர் பிரிந்தது. 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் அந்தத் தீயில் போயின. யாழ்ப்பாணத்து ஊர்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய சிறு வெளியீடுகளும் அவற்றில் அடங்கும்.

சுவாமியின் நூல்கள் முழுக்க அழிந்துவிடவில்லை. 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' நூலகம் இணையத்தளத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடப்பட்டிருக்கிறது. யாரும் இலவசமாக வாசிக்கலாம். கடந்த சில ஆண்டுகளாகப் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களின் காசில் ஊர் வரலாற்று நூல்கள் மாதத்துக்கொன்று என்ற கணக்கில் வெளிவருவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. அவற்றில் பலவற்றை வாசித்திருக்கிறேன். முதல் அத்தியாயம் எப்போதும் பெயர்க்காரணம். அரசன் வந்தான், மான் ஓடியது, முனிவர் தங்கினார் என்று போகும். சிங்களத்தையோ பிராகிருதத்தையோ தொடும் இடம் வந்தால் எழுதுபவர் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த பத்திக்குப் போய்விடுவார். எதற்காகக் குதிக்கிறார் என்பது எனக்கு விளங்குகிறது. பலகையோடு வருகிறவர்கள் அந்த வரியைத்தான் தேடுவார்கள்.

தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கிக் கந்தரோடை, சண்டிலிப்பாய் ஊடாக அராலிக் கடலில் விழும் வழுக்கியாறு, எங்கள் குடாநாட்டில் ஆறு என்று பெயர் பெற்ற நீரோட்டம். மாரியில் மட்டும் ஓடும். கந்தரோடையின் 'ஓடை'யைத் தமிழில் வாசிக்கிறவர்கள் இந்த நீரைச் சுட்டுவார்கள். 'கொட'வைச் சிங்களத்தில் வாசிக்கிறவர்கள் பக்கத்து மேட்டு நிலத்தைச் சுட்டுவார்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு போனால், ஓடையும் மேடும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கலாம்.